நான்கு படைகளுக்கு ஒரே உருமறைப்பா?

2020 ஜனவரியில் அமெரிக்க விண்வெளிப்படை தன் சீருடையின் படத்தை வெளியிட்டது. பச்சையும் பழுப்பும் கலந்த, புதருக்குள் பதுங்குவதற்கான துணி. நெஞ்சுப் பட்டையில் படையின் பெயர் நீல நூலில். விண்வெளியில் எந்த மரத்தடியில் ஒளியப் போகிறார்கள் என்று சமூக ஊடகங்களில் ஒரே கேலி. தரைப்படையும் விமானப்படையும் உடுத்துவதையே நாங்களும் உடுத்துகிறோம், தனியாக ஒன்றை வடிவமைக்கும் செலவு மிச்சம், எங்கள் ஆட்கள் தரையில்தான் வேலை பார்க்கிறார்கள் என்று அந்தப் படை பதில் சொன்னது. கேலிக்குப் பதிலாக அது போதும். ஆனால் அந்தப் பதிலின் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டுகாலப் பிணக்கும், எரிந்துபோன பணமும் இருந்தன. கேலி செய்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது.

1981இல் அறிமுகமான காட்டு வடிவச் சீருடையை அமெரிக்காவின் எல்லாப் படைகளும் பகிர்ந்துகொண்டன. பாலைவனத்துக்கு வேறொரு வடிவம். 2002 வரை இந்த இரண்டையே மாற்றி மாற்றி உடுத்தினார்கள். அதன் பிறகு படைக்கொன்றாகப் பிரிந்ததில், 2012இல் நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தபோது ஏழு புதிய உருமறைப்புச் சீருடைகள் புழக்கத்தில் இருந்தன: பாலைக்கு இரண்டு, காட்டுக்கு இரண்டு, எங்கும் செல்லும் என்று சொல்லப்பட்டவை மூன்று.

பிரிவைத் தொடங்கியது மரைன் படை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சதுரப் புள்ளிகளாலான கனடா ராணுவத்தின் டிஜிட்டல் வடிவத்தைப் பார்த்து, தங்கள் குறிசுடுநர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு, காட்டுக்கும் பாலைக்கும் தனித்தனியாக இரண்டு துணிகளை உருவாக்கினார்கள். ஒளிந்திருப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கேட்டுச் செய்த வேலை, நன்றாகவும் வந்தது. கழுகும் உலக உருண்டையும் நங்கூரமும் கொண்ட தங்கள் சின்னத்தை அந்தப் புள்ளிகளுக்கிடையே பொடிப்பொடியாகப் பதித்து, காப்புரிமையும் வாங்கினார்கள். சிக்கல் அங்கேதான். எதிரியின் கண்ணை ஏமாற்ற நெய்த துணி, 'இது எங்களுடையது' என்று அறிவிக்கும் கொடியாகவும் ஆகிவிட்டது. கடற்படை பின்னர் இதைப் போன்ற ஒரு பாலை வடிவத்தைக் கொண்டுவந்தபோது மரைன்கள் எதிர்த்தார்கள். கடைசியில் கடற்படையின் சிறப்புப் படையினர் மட்டுமே அதை அணியலாம் என்றானது.

மரைன்களுக்குத் தனி உடை வந்தால் தரைப்படை சும்மா இருக்குமா? 2004இல் அது தன் சாம்பல் பச்சை வடிவத்தை அறிவித்தது. காடு, பாலை, நகரம் மூன்றுக்கும் ஒரே துணி என்பது அதன் பெருமை. போதிய களச்சோதனை முடியும் முன்பே தேர்வாகிவிட்ட வடிவம் அது. கறுப்பை அறவே கைவிட்டிருந்தார்கள். உருமறைப்பில் ஆழ்ந்த நிறங்கள்தான் நிழல்போல விழுந்து உடலின் வெளிக்கோட்டை உடைக்கின்றன. அவை இல்லாமல், நெருக்கமான சாயல்களில் சின்னச் சின்னச் சதுரங்களை மட்டும் நிரப்பினால், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் கரைந்து ஒற்றை வெளிர்த்திட்டாகத் தெரியும். மனித வடிவில் ஒரு வெளிர்த்திட்டு மலைச்சரிவில் நகர்ந்தால் பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆப்கானிஸ்தானில் இது அம்பலமானது. சிப்பாய்களின் முறையீடு நாடாளுமன்றம்வரை போனது. 2009இல் ஆப்கான் களத்துக்குப் பொருத்தமான உருமறைப்பு வேண்டும் என்று சட்டவழியாகவே தரைப்படையை வற்புறுத்த வேண்டியிருந்தது. 2010இல் தனியார் நிறுவனம் ஒன்றின் 'மல்டிகேம்' வடிவத்தை அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். சீருடையையும், அதோடு நிறம் ஒத்துப்போக வேண்டிய கவசம், பை, உறை முதலியவற்றையும் மாற்ற ஐந்து ஆண்டுகளில் 400 கோடி டாலர்வரை ஆகலாம் என்று தணிக்கை அமைப்பு குறிப்பிட்டது. சட்டை மட்டும் மாறுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2003இல் ஈராக்குக்குள் நுழைந்த அமெரிக்கர்களில் பலர் பாலை நிறச் சட்டைமேல் காட்டுப்பச்சைக் கவசம் அணிந்திருந்ததை அன்றைய படங்களில் பார்க்கலாம்.

விமானப்படை 30 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டுப் புலிக்கோடு போட்ட ஒரு சீருடையை உருவாக்கியது. ஆப்கானிஸ்தானுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தரைப்படையின் உடையையே கடன் வாங்கியது. கடற்படையோ நீலப் புள்ளிகள் போட்ட உடையைக் கப்பல் தளத்தில் உடுத்தியது. கப்பல்மேல் நிற்பவர் யாரிடமிருந்து ஒளிய வேண்டும்? தண்ணீரில் தவறி விழுந்தால் மீட்க வருபவர் கண்ணில் படாமல் இருக்க மட்டுமே அது உதவும் என்று மாலுமிகளே சிரித்தார்கள். கறை தெரியாது என்பது கடற்படைத் தரப்பின் வாதம். அதற்கு உருமறைப்பு எதற்கு, கருநீலம் போதுமே. சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் 2012இல் வெளிவந்தது. நைலான் கலந்த அந்தத் துணி தீப்பிடித்தால் முழுதும் எரிந்து தீரும்வரை அணையாது என்று கடற்படையின் சொந்தச் சோதனையே காட்டியது. கப்பலில் மாலுமி முதலில் அஞ்சுவது நெருப்பைத்தான். 2019 அக்டோபரில் அந்த உடை விடைபெற்றது.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, எல்லோருக்கும் ஒரே உடை என்று வைத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது' என்று முடிவுகட்டுவது எளிது. விவாதத்தின் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. இரண்டு வேறு 'ஒன்று'களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் முடிவு அது. எல்லாப் படைகளுக்கும் ஒரே உடை என்பது ஒன்று. எல்லா நிலங்களுக்கும் ஒரே உடை என்பது வேறு. தரைப்படையின் சாம்பல் உடை தோற்றது இரண்டாவதால். மரைன்களின் உடை வென்றதற்குக் காரணம், அவர்கள் நிலத்துக்கொரு துணி என்ற பழைய அறிவைக் கைவிடாததுதான். ஒரே குன்றில் அருகருகே படுத்திருக்கும் தரைப்படை வீரருக்கும் விமானப்படை வீரருக்கும் பின்னணிப் பாறை ஒன்றே. பாறைக்குப் படைப்பிரிவு தெரியாது.

சொல்லப்போனால் அந்தக் குன்றில் உடை வேறுபட்டால் வேறுபட்டவருக்கே ஆபத்து. தரைப்படைக் குழுவோடு சென்று குண்டுவீச்சு விமானங்களை வழிநடத்தும் விமானப்படை ஆள் ஒருவர் இருப்பார். குழுவில் அவருடைய உடை மட்டும் தனித்துத் தெரிந்தால், யாரை முதலில் வீழ்த்துவது என்று எதிரியின் குறிசுடுநருக்கு நாமே கைகாட்டி விடுகிறோம். மரைன்களோடு செல்லும் கடற்படை மருத்துவ உதவியாளர்கள் மரைன் உடையே அணிவது இதனால்தான். தேவை அழுத்தும் இடத்தில் கௌரவம் வழிவிட்டிருக்கிறது.

பொது உடைக்கு இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பச்சை இலை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்பும். சாயம் அதே அளவில் திருப்பாவிட்டால், பகலில் கச்சிதமாக மறையும் துணி இரவுப்பார்வைக் கருவியில் பளிச்சென்று வேறுபட்டுவிடும். இதைச் சரிசெய்யும் வேதியியலும், தீயைத் தாங்கும் நெசவும் விலையுயர்ந்த ஆராய்ச்சிகள். நான்கு அலுவலகங்கள் நான்கு முறை செய்ய வேண்டிய வேலையல்ல.

எதிர்த்தரப்பு வாதங்களில் தன்மானம் என்பதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். படைவீரர் சாவுக்கு அஞ்சாமல் நிற்பது பாதுகாப்பு அமைச்சகத்துக்காக அல்ல, பக்கத்தில் நிற்கும் தன் ஆட்களுக்காகவும் தன் படைப்பிரிவின் பெயருக்காகவும். பிரிட்டனில் 2010 முதல் முப்படையும் தரைப்போரில் ஒரே வடிவத்தைத்தான் அணிந்தன. 2020இல் அங்குள்ள ராயல் மரைன்களும் தனி உடைக்குப் போனார்கள். ஆக இந்த ஆசை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் அந்தப் பெருமைக்குத் தொப்பி இருக்கிறது, பட்டை இருக்கிறது, அணிவகுப்பு உடை இருக்கிறது. விண்வெளிப்படையின் நீல நூலும் அதைத்தான் செய்கிறது. மறைப்பதற்கான துணியில் அடையாளத்தை ஏற்றுவது இரண்டுக்குமே நல்லதல்ல.

எனக்கு வலுவாகப் படும் எதிர்வாதம் வேறு. 2004இல் எல்லோருக்கும் ஒரே உடை என்று சட்டம் இருந்து, தரைப்படையின் தேர்வே வென்றிருந்தால்? நான்கு படைகளும் அந்தச் சாம்பல் துணியோடு ஆப்கான் மலையேறியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க மரைன்களின் நல்ல துணியும் இருந்திருக்காது. தவறு ஒன்று என்றால் அதுவும் எல்லோருக்கும் சேர்த்தே. 2013 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இனி எந்தப் படையும் தனக்கென மட்டும் புதிய உருமறைப்பைக் கொண்டுவரக் கூடாது என்றது. ஒரு படையின் வடிவத்தை மற்றொன்று பயன்படுத்துவதைத் தடுக்கவும் கூடாது என்றது. பின்பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். முன்பாதியில் தயக்கம் உண்டு: உடுத்துவதில் ஒற்றுமை வேண்டும், சோதிப்பதில் போட்டி வேண்டும். பழைய வடிவங்களை விட்டுவைத்ததால் மரைன்கள் இன்றும் தங்கள் உடையிலேயே இருக்கிறார்கள். விமானப்படை மட்டும் 2018இல், சாம்பல் துணிக்குப் பதிலாகத் தரைப்படை கொண்டுவந்த புதிய வடிவத்துக்கு மாறியது. 2021 ஏப்ரல்வரை அவகாசம் கொடுத்து, பழையதை உடுத்திக் கிழிக்க விட்டது. மாறுவதற்கும் செலவுண்டு என்பதை உணர்ந்த, பாராட்டத்தக்க நிதானம்.

யார் தேர்வு செய்கிறார் என்பது எத்தனை வடிவங்கள் என்பதைவிட முக்கியம். ஆப்கான் தேசிய ராணுவத்துக்குக் காட்டு வடிவம் ஒன்றை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்தார். அந்த நாட்டில் காடு 2.1 விழுக்காடுதான். உரிமம் வாங்க வேண்டிய தனியார் வடிவத்தை எடுத்ததால் 2.8 கோடி டாலர்வரை வீணாகியிருக்கலாம் என்று 2017இல் அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையர் எழுதினார். அது ஒரே படை, ஒரே உடைதான்.

இந்தியாவும் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. 2020இல் கடற்படையும், 2022 ஜனவரி ராணுவ நாளில் தரைப்படையும், அதே ஆண்டு அக்டோபரில் விமானப்படையும் புதிய டிஜிட்டல் உடைகளைக் காட்டின. முதல் முப்படைத் தலைமைத் தளபதி பதவியேற்ற 2020 ஜனவரிக்குப் பிறகு, மூன்றாண்டுக்குள் மூன்று வடிவங்கள். தரைப்படைக்குள்ளே மட்டும் 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் ரெஜிமென்ட் வேறுபாடில்லாமல் ஒரே வகைத் தொப்பியும் தோள்சின்னமும் அணிகிறார்கள். அடையாளம் காட்டவேண்டிய அலுவலக உடையில் பொதுமை வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள வேண்டிய கள உடையில் தனித்தன்மை நிற்கிறது. வேடிக்கையான தலைகீழ்.

பொது உடைக்கு ஓர் எல்லையும் இங்கே தெரிகிறது. 2020 பிப்ரவரியில் தில்லிக் கலவரத்தின்போது ராணுவ உடை போன்ற உடையில் காவல்துறையினர் தென்பட்டதும், காவல்துறையும் துணை ராணுவப் படைகளும் அப்படி உடுத்தக் கூடாது என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத் தெருக்களில் உருமறைப்பு உடையோடு நின்ற கூட்டாட்சிக் காவலர்களைப் பார்த்துப் பென்டகன் கவலைப்பட்டதும் இதற்காகவே. தெருவில் துப்பாக்கியோடு நிற்பவர் யாருடைய ஆள், யாரிடம் முறையிடுவது என்று குடிமகனுக்குத் தெரிய வேண்டும். முப்படைக்குள் பொதுவாக இருப்பது காவல்நிலையத்துக்குப் பரவக் கூடாது.

இந்தியாவில் முப்படைகளுக்குமான கூட்டுக் கட்டளை அமைப்புகள் பற்றிய பேச்சு தொடரும் இந்த வேளையில் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. முப்படைகளின் மூன்று துணிகளையும் லடாக்கின் மொட்டைச் சரிவிலும், அந்தமான் காட்டிலும், தார் மணலிலும் அருகருகே நிறுத்தி, பகலில் வெறுங்கண்ணாலும் இரவில் கருவியாலும் பார்க்கட்டும். பார்ப்பவர்கள் எந்தத் துணி எந்தப் படையுடையது என்று அறியாத குறிசுடுநர்களாக இருக்கட்டும். நிலத்துக்கு நிலம் வென்றது எதுவோ, அந்த நிலத்தில் எல்லோரும் அதை உடுத்தட்டும்.