சட்டமும் சாதியும்: ‘பஞ்சமர்’ நாவலை முன்வைத்து

சட்டத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குவோர் ஏட்டு விதியையே நடைமுறையெனக் கொள்வர். யாழ்ப்பாண வரலாறு இதனை மறுக்கின்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை அடிமை முறைக்கும் விதி வகுத்திருந்தது. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயின் நிலம் பெரிதும் உயர்சாதியினர் வசமே இருந்தமையால் சாதிக் கட்டுப்பாடு ஒழியவில்லை. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியின் பேரால் பொது இடங்களில் அனுமதி மறுத்தலைக் குற்றமாக்கியது. எனினும், தேநீர்க் கடைகளும் கோயில்களும் பல, 1966இன் பின் எழுந்த வெகுசனப் போராட்டங்களின் பின்னரே திறந்தன.

கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) ஒடுக்கப்பட்டோரின் போராட்ட வாழ்வினூடாக இவ்வுண்மையைக் காட்டுகின்றது. கலையமைதி குறைந்ததென அதனை ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர்: சட்டம் எவர் கையில் உயிர்பெறுகின்றது என்ற வினாவைச் சட்டநூல்கள் எழுப்பவில்லை, இந்நாவல் எழுப்புகின்றது. அதன் இலக்கியப் பெறுமதியும் இவ்வினாவிலேயே தங்கியுள்ளது.