மாதவரத்துப் பனியும் ஒரு மக்குப் பொத்தானும்

விசிறி வடிவில் ஒரு கண்ணாடி, அதன்மேல் நெளிந்து ஏறும் மூன்று அம்புகள். ஏசி உள்ள கார் எதுவானாலும் டேஷ்போர்டில் இந்தப் படத்தைப் பார்க்கலாம். முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டும் டிஃபாக்கர் பொத்தான் அது. விமர்சனத்துக்கு எடுத்த ஹேட்ச்பேக்கிலும் இருக்கிறது. எஞ்சின் எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு, திரை எத்தனை இஞ்ச் என்பதையெல்லாம் ஷோரூம்காரரே ஒப்பித்துவிடுவார். மார்கழியிலும் தையிலும் சில வாரங்கள் சென்னை மாதவரத்தில் ஓட்டிய பிறகு இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல மிஞ்சியது அந்தப் பொத்தானின் கதைதான்.

அது குளிர் நாட்டுக்காக யோசிக்கப்பட்ட சாதனம். டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழர்கள் ஜனவரிக் காலையில் கண்ணாடியில் இறுகிய பனிக்கட்டியை பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இந்தப் பொத்தான் எஞ்சின் சூட்டைக் கண்ணாடிக்கு ஊதிக்கொண்டிருக்கும். பிரிட்டனின் ஹைவே கோடில் 229ஆம் விதி, எல்லா ஜன்னல்களிலும் உள்ள பனியை அகற்றிவிட்டே வண்டியை எடுக்கச் சொல்கிறது. சென்னையிலோ பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895லும் 1905லும். மாதவரத்துக்கும் ஐஸுக்கும் உள்ள உறவு மீன் ஏற்றிப்போகும் வண்டியோடு சரி.

ஆனால் பனி உண்டு. கூரையில்லாமல் தெருவில் நிற்கும் காரின் மேல் விடிகாலையில் பார்த்தால் குளித்துவிட்டு வந்தது போல் ஈரம். வெறும் ஈரமாக இருந்தால் பரவாயில்லை. மூலக்கடையிலிருந்து ஜிஎன்டி சாலையில் செங்குன்றம் பக்கம் போகும் லாரிகள், மணலிக்கும் எண்ணூருக்கும் போய்வரும் டிரெய்லர்கள், மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் இங்கிருந்தே புறப்படுவதால் தோண்டிப்போட்ட மண் என்று எல்லாத் தூசியும் இரவில் கண்ணாடிக்கு வந்து சேர்கிறது. அதன்மேல் பனி இறங்கினால் சேறு. அவசரத்தில் வைப்பரைத் தட்டினால் அந்தச் சேறு அரைவட்டமாகப் பூசிக்கொள்ளும். மண்துகள் கண்ணாடியில் கீறலும் போடும். முதலில் ஒரு மக் தண்ணீர், அப்புறம் வைப்பர். பக்கவாட்டுக் கண்ணாடிகளை ஒருமுறை இறக்கி ஏற்றினால் கதவு ரப்பரே பாதி ஈரத்தை வழித்துவிடும்.

வண்டி நகர்ந்த பிறகுதான் பொத்தானின் மக்குத்தனம் தெரிகிறது. ஏசியை 18இல் வைத்துப் பால்பண்ணைச் சாலையைத் தாண்டுவதற்குள், கண்ணாடியின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை மேலே ஏறும். பார்த்தவுடன் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். அழுத்தினால் மின்விசிறி முழு வேகத்தில் சீறுகிறது, கம்ப்ரஸர் ஓடுகிறது, குளிர்காற்று நேராகக் கண்ணாடியில் மோதுகிறது. பட்டை இன்னும் உயர்கிறது. ஏனென்றால் மங்கல் உள்ளே இல்லை, வெளியே. ஜில்லென்ற மோர் டம்ளர் வெளிப்புறம் வேர்ப்பது போலத்தான் இதுவும். சென்னை விடிகாலைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. கண்ணாடி கொஞ்சம் குளிர்ந்தாலும் அது நீராக இறங்கிவிடும். குளிர்ந்த கண்ணாடியை மேலும் குளிர வைப்பதுதான் இங்கே பொத்தான் செய்யும் வேலை.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. வைப்பரை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். துடைத்த இடம் தெளிந்தால் மங்கல் வெளியே இருக்கிறது. ஏசியை 24க்கு மேல் ஏற்றி, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பினால் அடங்கிவிடும். இதைச் செய்ய இந்தக் காரில் தொடுதிரைக்குள் இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. முன்னால் ரோடு தெரியாத நேரத்தில், எதிரில் கன்டெய்னர் வரும்போது, மெனுவுக்குள் போய்த் தேடு என்று சொல்கிற வடிவமைப்பாளரை ஒரு காலை மூலக்கடை சிக்னலில் உட்கார வைக்க வேண்டும். திருகும் குமிழ் என்ன பாவம் செய்தது? இதே கம்பெனியின் பழைய கார்களில் மூன்று குமிழ்கள் இருந்தன. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே திருகலாம். அதை நம்பி இந்த பிராண்டையே பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வருத்தம் வருவது நியாயம். அம்பாசடரில் முன்கதவு ஓரத்தில் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். சற்றே திருப்பினால் காற்று உள்ளே பாயும். மென்பொருள் அப்டேட் எதுவும் அதற்குத் தேவைப்பட்டதில்லை.

மழைக்காலத்தில் கதையே வேறு. ஐப்பசி அடைமழையில் நனைந்த சட்டையோடு நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால், மூச்சும் ஈரத்துணியும் சேர்ந்து கண்ணாடியின் உட்புறம்தான் மங்கும். அங்கே இந்தப் பொத்தான் ராஜா. ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து, உலர்ந்த காற்றைக் கண்ணாடிக்கு அனுப்பும். கொஞ்ச நேரத்தில் ரோடு தெளிவாகத் தெரியும். கண்ணாடியின் உட்புறம் சுத்தமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெயிலில் கசியும் ஆவியும் வெளிப்புகையும் படிந்த கண்ணாடி வேகமாக மங்கும்.

அப்போதும் ஒரு தொல்லை. பொத்தானை அழுத்தியதும் கார் தானாகவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. உள்காற்றையே சுற்றவிட்டால் ஈரம் தங்கும் என்பதால் விதி சரிதான். ஆனால் கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்று வீசும் நாளில், டிரெய்லரின் பின்னால் ஊர்ந்துகொண்டே அந்த விதியைப் பாராட்ட மனம் வராது. மாதவரத்துக்காரர்கள் உள்காற்றுச் சுழற்சியை அணைக்காததற்குக் காரணம் அறியாமை இல்லை, மூக்கு.

பொங்கல் விடுமுறையில் ஊட்டிக்கு ஓட்டிப்போனால் பொத்தானுக்குப் பழைய கௌரவம் திரும்புகிறது. 2,240 மீட்டர் உயரத்தில், தலைகுந்தா போன்ற பள்ளமான புல்வெளிகளில் ஜனவரியில் நிஜமாகவே உறைபனி விழும். விடிகாலையில் கார் கண்ணாடி வெள்ளைத் தாளாக நிற்கும். சமவெளியிலிருந்து போகிறவர்கள் சுடுதண்ணீரைத் தூக்குவார்கள். வேண்டாம், திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். இரவே பழைய போர்வையால் மூடிவைப்பது நல்லது. மறந்துவிட்டால், எஞ்சினை ஓடவிட்டு இந்தப் பொத்தானைச் சூட்டோடு போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே அம்பு போட்ட படம் சொன்னதைச் செய்கிறது.

பின்கண்ணாடி விஷயத்தில் கோபம் குறையவில்லை. மெல்லிய மின்கம்பிக் கோடுகள் ஓடும் பின்பக்க டிஃபாக்கரும் பின்வைப்பரும் விலை கூடிய வேரியன்டில் மட்டும்தான். நாட்டில் பல கம்பெனிகளின் வழக்கம் இது. மலிவான காரை வாங்குகிறவர் ரிவர்ஸ் எடுப்பதே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போல. சன்ரூஃபை எடுத்துவிட்டு அந்தக் கம்பிகளைக் கொடுத்தால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

போகிக் காலைக்கு மட்டும் எந்தப் பொத்தானும் உதவாது. டயரும் பழந்துணியும் எரிந்த புகை பனியோடு கலந்தால் மங்குவது கண்ணாடி அல்ல, தெருவே. 2018 போகியன்று சென்னை விமான நிலையமே திணறியது. அன்றைக்கு வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

மற்ற நாட்களுக்குத் தீர்ப்பு இது: காரை வாங்கலாம், பின்வைப்பரும் பின்டிஃபாக்கரும் உள்ள வேரியன்டாகப் பார்த்து. டெஸ்ட் டிரைவை மத்தியான வெயிலில் எடுக்காதீர்கள். காலை ஆறு மணிக்குக் கேளுங்கள். ஓடும்போது ஏசி வெப்பநிலையைத் திரையைப் பார்க்காமல் மாற்ற முடிகிறதா என்று சோதித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.