லேயாவின் மோதிரம்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஒரு இராத்தல் சதை கேட்ட ஷைலக்கையும், வழக்கறிஞர் வேடம் பூண்டு அவனை மடக்கிய போர்ஷியாவையும் படித்தவர் எவரும் மறப்பதில்லை. ஆயினும் அந்நாடகம் வழக்கு மன்றத்தோடு முடிந்துவிடவில்லை. ஐந்தாம் அங்கத்தின் பெரும்பகுதி இரண்டு மோதிரங்களைப் பற்றிய பூசலாகவே நடைபெறுகிறது. மூன்றாவதாக ஒரு மோதிரம் நாடகத்தின் நடுவே ஒரே ஒருமுறை பேசப்பட்டு மறைந்துவிடுகிறது. மோதிரம் மாற்றுவது நம் வீட்டு நிச்சயதார்த்தங்களிலும் புகுந்து வேரூன்றிவிட்ட இந்நாளில், இம்மூன்று மோதிரங்களின் வழியே அந்நாடகத்தைப் படித்துப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். மணம் பேசப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பும் பழக்கம் ரோமானியரிடம் இருந்ததாக, முதலாம் நூற்றாண்டு அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். நான்காம் விரலிலிருந்து இதயத்திற்கு நேரே ஒரு நரம்பு செல்கிறது என்ற நம்பிக்கையும் அக்காலத்ததே. உடற்கூற்று நூல் அப்படி ஒரு தனி நரம்பை ஒப்புக்கொள்வதில்லை. நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. 1549இல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூல், மணமகன் மணமகளின் இடக்கை நான்காம் விரலில் மோதிரம் அணிவிக்க வேண்டும் என்று வகுத்தது. ஜெர்மானியரும் ரஷ்யரும் மணமோதிரத்தை வலக்கையில் அணிகின்றனர். கை மாறினாலும், நாம் இங்கே கண்ட ரோமாபுரி வழக்கிலும் இங்கிலாந்துச் சடங்கிலும் கொடுப்பவன் ஆண், பெறுபவள் பெண்.

1596ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டு 1600இல் அச்சேறிய 'வெனிஸ் வணிகன்' இம்முறையைத் தலைகீழாக்குகிறது. அங்கே மோதிரம் கொடுப்பவள் போர்ஷியா, பெறுபவன் பஸ்ஸானியோ. ஏன் இப்படி? பஸ்ஸானியோ யார் என்பதை நினைவுகூர்ந்தால் விடை கிடைத்துவிடும். அவன் கைப்பொருளைச் செலவழித்துத் தீர்த்துக் கடனில் மூழ்கியவன். பெல்மான்ட்டில் பெருஞ்சொத்துக்கு உரியவளான ஒரு நங்கை இருக்கிறாள் என்பதைத்தான் தன் நண்பன் அந்தோணியோவிடம் முதலில் சொல்கிறான். அவளுடைய அழகும் குணமும் அதற்குப் பின்னரே வருகின்றன. அவளை நாடிச் செல்லும் பகட்டுக்காகவே மூவாயிரம் டக்கட் கடன் வாங்கப்படுகிறது. நம் ஊர் வழக்கில் சொல்வதானால், கடன் வாங்கிக் கோட்டு தைத்துக்கொண்டு கைக்கூலி வாங்கப் புறப்பட்ட மாப்பிள்ளை அவன். விமரிசகர்கள் பலர் அவனைக் காதலன் என்று கொண்டாடலாம். பெண் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு அவனை வேறு விதமாகவும் தெரியும்.

பஸ்ஸானியோ சரியான பேழையைத் தேர்ந்தெடுத்ததும், தன் மாளிகை, பணியாட்கள், தான் ஆகிய அனைத்தும் இனி அவனுக்கே உரியவை என்று கூறி, அவற்றோடு மோதிரத்தையும் போர்ஷியா தருகிறாள். பார்க்கப் போனால் அம்மோதிரம் ஒரு சொத்து மாற்றத்தின் முத்திரை. ஆனால் அறிவிற் சிறந்த அப்பெண் ஒரு நிபந்தனையும் விதிக்கிறாள்: அதை அவன் பிரிந்தாலோ, தொலைத்தாலோ, பிறருக்குக் கொடுத்தாலோ அவன் அன்பு அழிந்ததாகப் பொருள், அவனைக் குற்றம் சாட்டும் உரிமை அவளுக்கு வந்துவிடும். தன் உடைமையெல்லாம் கொடுத்த பெண்ணுக்கு எஞ்சிய ஒரே பிடிமானம் அந்தச் சொல்தான். உயிர் உள்ளவரை கழற்றமாட்டேன் என்று அவன் வாக்களிக்கிறான்.

அந்த வாக்கு எத்தனை நாள் நின்றது? வழக்கு முடிந்ததும், மாறுவேடத்தில் இருக்கும் போர்ஷியாவே அம்மோதிரத்தைக் கூலியாகக் கேட்கிறாள். முதலில் மறுக்கிறான். அந்தோணியோ வற்புறுத்தியதும் கழற்றிக் கொடுத்தனுப்புகிறான். நெரிஸா அளித்த மோதிரத்தைக் கிராஷியானோவும் அவ்வாறே கொடுத்துவிடுகிறான். அகப்பட்டுக்கொண்டபோது, அது அற்பப் பொன்வளையம்தானே என்று பேசுகிறான் கிராஷியானோ. நண்பனின் உயிரைக் காத்தவருக்கு நன்றி செலுத்தியது குற்றமா என்று பஸ்ஸானியோவுக்காக வாதிடுவோர் உண்டு. நன்றி உயர்ந்த குணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தன் நன்றிக்கடனை மனைவிக்குக் கொடுத்த வாக்கிலிருந்து எடுத்துச் செலுத்துவது எவ்வகை நியாயம்? நாடகாசிரியர் இதைச் சிரிப்பாக முடித்துவிடுகிறார், மோதிரம் திரும்பி வருகிறது, எல்லோரும் மகிழ்கின்றனர். அந்தச் சிரிப்பில் நம்மால் முழுமனத்தோடு கலந்துகொள்ள இயலவில்லை.

அதற்குக் காரணம் மூன்றாவது மோதிரம். ஷைலக்கின் மகள் ஜெஸிகா, தந்தையின் பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு காதலனோடு போய்விடுகிறாள். அவள் ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கொன்றை வாங்கினாள் என்ற செய்தியைத் தூபால் கொண்டுவருகிறான். நீலப்பச்சைக் கல் பதித்த அம்மோதிரம், தான் மணமாகாதவனாக இருந்தபோது லேயா தனக்குக் கொடுத்தது என்று ஷைலக் கதறுகிறான். ஒரு காட்டுக் குரங்குகள் அத்தனையும் கிடைப்பதாயினும் அதைக் கொடுத்திருக்கமாட்டான் அவன். லேயா மேடைக்கு வருவதே இல்லை. அவள் பெயர் நாடகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் ஒலிக்கிறது.

பொன்னுக்காக எதையும் செய்வான் என்று நாடகம் முழுவதும் இகழப்படும் மனிதன், இங்கே விலை பேச மறுக்கிறான். பெருந்தன்மையாளர் எனப் போற்றப்படும் இருவரோ தங்கள் மோதிரங்களைச் சில நாட்கள்கூடக் காக்கவில்லை. ஷைலக்கின் பழிவெறியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அவனைத் தண்டிக்கும் மன்றம் அவன் மதத்தையும் மாற்றிக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்துகிறதே, அந்த மன்றத்தின் கருணையையும் நாம் மெச்சுவதற்கில்லை. இந்நாடகத்தில் மணமோதிரத்தின் பொருளை அறிந்தவன் அவன் ஒருவனே என்பது நம் துணிபு.

இனி உலோகத்தின் கதைக்கு வருவோம். பொன், வெள்ளி, ஈயம் என மூன்று பேழைகளில் போர்ஷியாவின் படம் ஈயப் பேழையில் இருந்தது. பொற்பேழையைத் திறந்த மொராக்கோ இளவரசனுக்குக் கிடைத்தது மண்டையோடு. மங்கல் உலோகத்தில் மணவாழ்வை வைத்த இக்கற்பனையைப் படிக்கையில், கற்பனையல்லாத ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சில் எழுகிறது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி அது. ஒரு பெண்ணை மணக்க விரும்பிய ஏழைத் தோழரிடம், மஹராகக் கொடுக்க ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. உடுத்திய ஒற்றை ஆடையைத் தர முன்வந்தார். அதை நீர் உடுத்தினால் அவளுக்கு இல்லை, அவள் உடுத்தினால் உமக்கு இல்லை என்று அண்ணலார் விளக்கினார்கள். இறுதியில், அவர் மனனம் செய்திருந்த திருமறை அத்தியாயங்களுக்காக நிக்காஹ் நிறைவேறியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரும்பும் போதும். இரும்பும் இல்லையேல் கற்ற கல்வி போதும். மற்றொன்று, மோதிரம் செல்ல வேண்டிய திசை ஆணிடமிருந்து பெண்ணை நோக்கியது.

நம் ஊர்களில் பல வீடுகளில் இன்று நடப்பது என்ன? பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் விரலுக்குப் பொன் மோதிரம் தேடுகிறார். எத்தனை பவுன் என்று பேசி முடிக்கப்படுகிறது. ஆண்கள் பொன் அணிவதை மார்க்கம் விலக்கியிருப்பதை அறியாதவர் அம்மஜ்லிஸில் எவருமிலர். ஹஸ்ரத் அவர்கள் அமர்ந்திருக்கும்போதே அது அணிவிக்கப்படுகிறது. மஹரோ பதிவேட்டில் ஒரு வரியாக ஒதுங்கிவிடுகிறது. சில வீடுகளில் மணப்பெண்ணுக்கே அதன் தொகை தெரிவதில்லை. நிக்காஹின் நிபந்தனைகளில் இல்லாத மோதிரம் முன்வரிசையில் அமர, அவளுடைய உரிமையான மஹர் வாசலில் நிற்கிறது. அந்த மோதிரத்துக்குப் பவுன் சேராததால் பேச்சு முறிந்து, வயது ஏறிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை தெருக்களில் இருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணவன் மனைவிக்கு அன்போடு ஒரு மோதிரம் அணிவிப்பதை நாம் குறை கூறவில்லை. லேயாவின் நீலக்கல்லைப் போல அது ஒரு நினைவாக நிற்குமாயின் நன்றே. ஆனால் பஸ்ஸானியோவின் மோதிரத்தை நம் பிள்ளைகளின் விரல்களில் நாமே மாட்டிவிடலாகாது. அடுத்த நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் வாய் திறந்து, "எங்களுக்கு மோதிரம் வேண்டாம், மஹர் எவ்வளவு வேண்டும் என்று பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கூறட்டும். அவ்வாறு கூறும் முதல் வீடு நம் வீடாக இருக்கட்டும்.