பெயர் எழுதாத பண்டங்கள்: யாழ்ப்பாணக் காட்சியகங்களின் பலமும் பலவீனமும்

யாழ்ப்பாணத்தில் பழம்பொருள் சேர்ப்பது இப்போது ஓர் இயக்கமாகவே வளர்ந்துவிட்டது. நல்லூரில் தொல்பொருள் திணைக்களத்தின் அருங்காட்சியகம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நாவற்குழியில் சிவபூமி அருங்காட்சியகம் 2020இல் திறக்கப்பட்டது. இவை போதாதென்று பாடசாலைக் கண்காட்சி, உணவகத்தின் முன்கூடம், புலம்பெயர்ந்தவர் திரும்பிவந்து கட்டிய விடுதி என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, சுளகு, கடகம், மூக்குப்பேணி. இந்த வழக்கத்தை மெச்சுவோர் பலர். வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குவோர் சிலர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

முதலில் பலத்தைச் சொல்லவேண்டும். 1981இல் எரிந்த யாழ் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்கள் அழிந்தன என்று எல்லோரும் அறிவோம். வீடுகளோடு அழிந்த பண்டங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனம் கையிலும் சைக்கிளிலும் கொள்ளக்கூடியதை மட்டுமே கொண்டு போனது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட பல காணிகளில், திரும்பிப் போனவர்களுக்கு வீட்டின் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு, மிச்சமிருந்த பித்தளையும் பழைய மரத் தளபாடங்களும் வியாபாரிகளின் கைக்குப் போயின. இத்தனைக்கும் பிறகு ஒரு கிடாரமோ கொத்துப் பேணியோ கண்ணில் படுகிறதென்றால், யாரோ ஒருவர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சிவபூமி அருங்காட்சியகத்தை அமைத்த ஆறு. திருமுருகன் போன்றவர்கள் அரசின் கையை எதிர்பாராமல் இதைச் செய்தார்கள். அந்த நன்றியை மறந்துவிட்டுக் குறை சொல்வது முறையல்ல.

இன்னொரு பலமும் உண்டு. எங்கள் வரலாற்று ஆர்வம் பெரும்பாலும் அரசர்களின் பின்னாலேயே போகும். கந்தரோடை, ஆனைக்கோட்டை, சங்கிலியன் என்று பேசும்போது, சோறு வடித்தவரும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவரும் அதற்குள் வருவதில்லை. ஒரு சுளகைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கணத்தில், அந்த உழைப்பும் வரலாறுதான் என்று காட்சியகம் ஒப்புக்கொள்கிறது.

ஒப்புக்கொண்டபின் அது என்ன சொல்கிறது என்பதில்தான் பலவீனம் தொடங்குகிறது. பெரும்பாலான இடங்களில் பொருளின் பெயர் மட்டுமே அட்டையில் இருக்கும். ஒரு கடகத்தை எடுத்துக்கொள்வோம். அது இரட்டை ஓலை வேலை: உள்ளுக்கு ஒன்றை இழைத்து, வெளியே இன்னொன்றைப் பொத்தி, விளிம்பை நாரால் கட்டுவார்கள். ஓலையை ஒரே அகலத்தில் வார்வதற்குச் சத்தகம் வேண்டும். சத்தகத்தின் அலகு ஓலை வார. அதன் கூரிய காம்பு, இழையை நெம்பி அடுத்த ஓலையைச் செருக. ஒரே கருவிக்கு இரண்டு முனை, இரண்டு தொழில். அதைப் பிடித்த கை அநேகமாக ஒரு பெண்ணின் கை. கடகம் இங்கே இருக்கும், சத்தகம் அங்கே கத்திகளோடு கிடக்கும். இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல ஆளில்லை. இழைத்தவரின் பெயர், ஊர், எந்தப் பருவத்து ஓலை, எத்தனை நாள் வேலை என எதுவும் அட்டையில் இராது. அன்பளித்தவரின் பெயர் மட்டும் சில இடங்களில் பெரிய எழுத்தில் இருக்கும்.

துலாவும் அப்படித்தான். வற்றாத ஆறில்லாத குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகளை நம்பிச் செய்த தோட்டத்துக்கு அது உயிர்நாடி. துலா மிதிக்க ஒருவர் அல்லது இருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் என்று அது ஒரு கூட்டுத் தொழில். மண்டபத்துக்குள் வரும்போது ஒரு நீண்ட மரமும் பட்டையும் மட்டுமே வருகின்றன.

உலகில் வேறெங்கும் இந்தச் சிக்கல் இல்லையா? கனடாவின் வடதுருவத்து இனுயிட் மக்களின் கருவிகளும் நெடுங்காலம் பெயரில்லாமலேதான் நூதனசாலைகளில் கிடந்தன. தோல் உரிக்கவும் இறைச்சி வெட்டவும் பெண்கள் கையாளும் பிறைவடிவ ‘ஊலு’க் கத்தி, இனப் பெயர் ஒன்றை மட்டும் தாங்கிப் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் கேப் டோர்செற் என்று முன்னர் அழைக்கப்பட்ட கிங்காயிட் ஊரில் 1950களின் கடைசியில் ஒரு மாற்றம் நடந்தது. ஜேம்ஸ் ஹூஸ்ரன் என்ற கலைஞர் ஜப்பான் சென்று அச்சுமுறை கற்று வந்தார். ஊரார் கல்லில் செதுக்கி ஓவியம் அச்சிட்டார்கள். 1959இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வரைந்தவர் ஒருவர், கல்லைச் செதுக்கி அச்சிட்டவர் இன்னொருவர் என்பது அங்கே மறைக்கப்படவில்லை. இருவருக்கும் அச்சில் இடம் இருந்தது. கெனோஜுவாக் அஷேவாக் 1960இல் வரைந்த ‘மாய ஆந்தை’ பத்து ஆண்டில் கனடாவின் தபால் முத்திரையானது. செய்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்த ஆந்தையைப் பற்றி இன்று யாரும் பேசமுடியாது.

இதைக் குறையற்ற முன்மாதிரி என்று நான் சொல்லவரவில்லை. எந்த அச்சு விற்பனைக்குப் போகலாம் என்று தெற்கே இருந்த ஒரு குழு பல்லாண்டு தீர்ப்புச் சொன்னது. வாங்குவோர் பறவையும் கரடியும் வேட்டையும் கேட்டார்கள். துருவத்துக்கு வந்துவிட்ட தொலைக்காட்சியையும் கடைச் சாமானையும் அவர்கள் பார்க்க விரும்பவில்லை. அதே ஊர் ஓவியர் ஆனி பூட்டூகூக் அவற்றைத்தான் வரைந்தார். 2006இல் கனடாவின் சோபி விருதும் அவருக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் எங்கள் இரண்டாவது பலவீனம் தெரிகிறது. எங்கள் காட்சியகங்களில் காலம் பெரும்பாலும் மின்சாரம் வருமுன்னரே நின்றுவிடுகிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் தன் கையால் செய்துகொண்ட கருவிகள் எங்கே? ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இருக்கிறது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை ஊரே அறியும். மூக்குப்பேணியைவிடக் குறைந்த புத்தியா அவற்றில் இருந்தது? அவை அழகில்லாதவை, கசப்பானவை என்பதால்தான் அவற்றை அரிதாகக் காண்கிறோம்.

மூன்றாவது பலவீனம் எல்லாவற்றிலும் பெரியது, பேசக் கூச்சப்படுவது. மூக்குப்பேணி எங்கள் விருந்தோம்பலின் அடையாளமாகப் பளபளக்கிறது. வாய் படாமல் குடிக்க வசதியான பாத்திரம் என்று விளக்கமும் தருவோம். ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் வேலைக்கு நின்றவருக்கு அந்தப் பேணி நீட்டப்படவில்லை, அவருக்குச் சிரட்டை. தேநீர்க் கடைகளிலும் இந்தச் சாதிப் பாகுபாடு இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்பும், 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் போராடவேண்டியிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் பதிந்துவைத்ததை எங்கள் காட்சிப் பெட்டிகள் பதியவில்லை. பேணியின் பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்து இரண்டு வரி எழுதினால் அந்தப் பெட்டி முழு உண்மையையும் பேசும். பாளைக்கத்தியையும் தளநாரையும் காட்டுகிற இடத்தில், அவற்றோடு பனையேறிய சீவல் தொழிலாளரின் வாழ்வையும் சொன்னால் யாருக்கும் குறைச்சல் வராது.

இந்த மண்ணோடு உறவுள்ள ஆனந்த குமாரசுவாமி 1908இல் கண்டிப் பகுதிக் கைவினைகளைப் பற்றிப் பெரும் நூல் எழுதியபோது, பொருளோடு நின்றுவிடவில்லை. கைவினைஞரின் வாழ்வு, அவர் சமூகத்தில் வகித்த இடம், தொழில் முறை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார். அதே முழுமையான பார்வையோடு யாழ்ப்பாணக் கைவினைகளுக்கு ஒரு நூல் அவர் எழுதவில்லை. அந்தக் குறையைக் காட்சியக அட்டைகளாவது கொஞ்சம் நிரப்பலாம்.

பணமில்லை, ஆளில்லை என்ற பதில் வரும். கண்ணாடிப் பெட்டிக்கும் மாபிள் தரைக்கும் பணம் வேண்டும். விபரம் கேட்டு எழுத அவ்வளவு வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்யலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், தன்னார்வலர்களைக் கொண்டே எவ்வளவு பெரிய ஆவணகம் கட்டலாம் என்று காட்டியிருக்கிறது. அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகமும் பாடசாலைகளும் கைகோத்தால், உயர்தர மாணவர் ஒருவருக்கு ஒரு பொருள் என்று கொடுத்தே ஒரு வருடத்தில் பெரும் வேலை முடிந்துவிடும்.

என் முடிவு இதுதான். சேர்த்த வேலைக்கு முழு மதிப்பெண். சொல்லும் வேலைக்குப் பாதிகூடத் தரமுடியாது. இனிமேல் ஒரு பொருளை அன்பளிக்கும் வீட்டாரும் அதை ஏற்கும் காட்சியகமும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிவைக்கட்டும்: யார் செய்தது, யார் பாவித்தது, எப்படிப் பாவித்தது, எந்த ஊர், யாருக்கு இது மறுக்கப்பட்டது? சத்தகம் பிடித்த கைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. அவர்களுக்கு வயது போகிறது. பொருள் காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க முடியாது. இந்த விடுமுறைக்கே போய்க் கேளுங்கள்.