ஓர் ஆபேரி, மூன்று இசைத்தட்டு

முசிரி சுப்பிரமணிய ஐயர் தியாகராஜரின் ‘நகுமோமு’ பாடும்போது குரல் மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று கெஞ்சும் பாருங்கள், அந்த இடத்துக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். நான் போவது கிராஞ்சிக்கு. ரயில் நிலையத்தில் இறங்கி சுங்கை காடுட் பக்கம் நடந்தால் மரக்கிடங்குகளும் மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளும்தான். ஞாயிற்றுக்கிழமை ரம்பங்கள் எல்லாம் ஓய்ந்து கிடக்கும். அப்படி ஒரு பட்டறையின் மாடியில், தேக்கு வாசனைக்கு நடுவே, நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒரு பெரியவர் தன் இசைத்தட்டுகளை வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் எனக்கு இதைவிடப் பிடித்த சங்கீத சபா கிடையாது.

அங்கே நாங்கள் செய்வது ஒரே வேலைதான். ஒரு ராகத்தை எடுத்துக்கொள்வோம். அது எந்தெந்தத் தட்டில் இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகப் போட்டுக் கேட்போம். உறைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும், அது அண்ணனின் சட்டம். போன முறை ஆபேரி. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

முதலில் முசிரியின் 78 சுற்றுத் தட்டு, ஆபேரியில் அமைந்த அதே ‘நகுமோமு’. கையில் வாங்கும்போதே கனக்கும். அரக்கு சேர்த்துச் செய்த சரக்கு, கீழே விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். “தம்பி, முதல்ல ஊசிய மாத்து. எல்பி ஊசியில இதப் போட்டா பள்ளத்தோட அடியில கெடக்குற அழுக்கத்தான் கேப்ப” என்றார் அண்ணன். உண்மைதான். 78-இன் பள்ளம் அகலமானது. அதற்கென்று இருக்கும் தடித்த ஊசியை மாட்டியதும் கரகரப்பு பின்னால் போய், ஐயரின் குரல் அறைக்குள் வந்துவிட்டது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் இடம். விளம்ப காலத்தில் ஆற அமர நிரவல் பாடிப் பெயர் வாங்கிய மனிதர், இந்த நெருக்கடிக்குள் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒரு சங்கதி கூட வீண் இல்லை. அவசரமும் இல்லை. நேரம் குறைவு என்பது நமக்குத் தெரிவதே இல்லை, அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஆபேரிக்கு முன்காலத்தில் சுத்த தைவதம்தான் என்பார்கள். தீட்சிதரின் ‘வீணாபேரி’யை இன்றும் அப்படியே பாடுகிறவர்கள் உண்டு. நமக்கெல்லாம் பழகிப்போன ஆபேரியோ சதுச்ருதி தைவதம் கொண்டது, இந்துஸ்தானியின் பீம்பளாசிக்குப் பக்கத்து வீடு. அந்த மாற்றம் ஊரெல்லாம் நிலைபெற்றதில் முசிரியின் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். கச்சேரியில் பாடினால் சபையோடு போய்விடும். தட்டில் பாடினால் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் வரை போகும்.

இரண்டாவது ‘கொஞ்சும் சலங்கை’. 1962-இல் வந்த படம். சுப்பையா நாயுடுவின் இசை, எஸ். ஜானகியின் குரல், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். ‘சிங்கார வேலனே’ தெரியாத தமிழர் யார்? ஆனால் முசிரியைக் கேட்ட சூட்டோடு இதைக் கேட்டுப் பாருங்கள், வேறு பாட்டாகத் தெரியும்! முசிரி கெஞ்சிய அதே ராகம் இங்கே மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அல்லவா, காருகுறிச்சியின் ஒவ்வொரு பிடியிலும் குருவின் கம்பீரம். அதற்கு ஈடுகொடுத்து ஜானகி ஸ்வரம் ஸ்வரமாக ஏறும்போது, எது குழல் எது குரல் என்று காது திணறும் இடம் ஒன்று வருகிறது. அந்த இடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே “ஆஹா!” என்றோம். அடுத்த இரண்டு வருடத்தில், 1964-இல், காருகுறிச்சி போய்விட்டார். நாற்பத்துச் சொச்சம் வயது. நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அண்ணனின் இந்தத் தட்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. ஓரம் கிழிந்த உறை, பின்பக்கம் ஏதோ கடையின் ரப்பர் முத்திரை, யாரோ ஒருவர் நீல மையில் போட்ட கையெழுத்து. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே, தரையில் விரித்த துணியில் இப்படிப்பட்ட பொக்கிஷங்கள் கிடந்த காலத்தை நினைத்து நான் ஏங்காத நாளில்லை.

மூன்றாவது பாலமுரளிகிருஷ்ணாவின் எல்பி. மறுபடியும் ‘நகுமோமு’. ஆனால் எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் இருக்கிறதே! ஆலாபனைக்குக் கதவு திறந்துவிட்டது. பாலமுரளி ராகத்தை மந்தரத்தில் தொட்டு, சிரித்துக்கொண்டே மேலே கொண்டுபோகிறார். மூன்று ஸ்தாயியும் அவருக்குச் சொந்த வீடு. முசிரியின் பாட்டில் ராமனைக் காணாத தவிப்பு. இவர் பாட்டில், ராமன் வந்துவிடுவான் என்ற நிச்சயம். எது உசத்தி? என் ஓட்டு முசிரிக்கு. அண்ணன் பாலமுரளி கட்சி. கிராஞ்சியில் 170-ஆம் எண் பேருந்தில் ஏறி, புக்கிட் தீமா சாலை நெடுக வாதம் செய்துகொண்டே தேக்காவில் இறங்கி, 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸில் காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படி ஒரே படைப்பின் பல பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பதை மேற்கத்திய இசை ரசிகர்கள் ஒரு தவம் போலச் செய்கிறார்கள். கிளென் கூல்ட் என்ற கனடா நாட்டுப் பியானோ மேதை, பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை 1955-இல் பதிவு செய்தபோது சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981-இல் மறுபடியும் வாசித்தபோது 51 நிமிடம். ஒரே மனிதர், ஒரே படைப்பு! முதல் தட்டின் உறையில் முப்பது வேரியேஷனுக்கு முப்பது சின்னப் படங்கள், கூல்ட் துள்ளுகிறார், முனகுகிறார், தலையைச் சாய்க்கிறார். உறையைப் பார்த்தாலே உள்ளே இருக்கும் வேகம் தெரிந்துவிடும். இந்த இரண்டையும் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நம் ‘நகுமோமு’க்களைப் பற்றியும் அப்படி எழுத வேண்டாமா?

உறைக்கு வருகிறேன், எனக்குப் பித்துப் பிடித்த விஷயம் அது. 78 காலத்தில் பெரும்பாலும் படம் போட்ட உறையே கிடையாது. பழுப்புக் காகிதப் பையின் நடுவே வட்டமாக ஓட்டை, அதன் வழியே லேபிள் தெரியும். எச்எம்வி என்றால் குழாய்க்கு முன் உட்கார்ந்த நாய், கொலம்பியா என்றால் இரட்டை இசைக்குறி. 1940-இல் அமெரிக்காவில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் கொலம்பியா நிறுவனத்துக்காக உறையில் ஓவியம் தீட்ட ஆரம்பித்த பிறகுதான் இசைத்தட்டுக்கு முகம் வந்தது. நம் எல்பிகளில் அந்த முகம் பெரும்பாலும் வித்துவானின் முகமேதான். பட்டுப்புடவை, மூக்குத்தி, மடியில் தம்பூரா. சலிப்பு என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் படங்களின் அச்சு நிறங்களில், அந்த ரோஜாச் சிவப்பிலும் மயில்கழுத்து நீலத்திலும், ஒரு காலத்தின் வாசமே இருக்கிறது. மேல்மூலையில் இசிஎல்பி என்று இருந்தால் மோனோ, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ, அந்த எழுத்தைத் தேடுவதே ஒரு சுகம்.

இசையையும் ஓவியத்தையும் சேர்த்துப் பேசும்போது ஒரு குடும்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்றதும் நம் மனக்கண்ணில் வரும் உருவங்கள் எஸ். ராஜம் தீட்டியவை. அவரே தேர்ந்த பாடகர். அவருடைய தம்பிதான் வீணை எஸ். பாலசந்தர், ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய அதே பாலசந்தர். 1960-களில் அவர் வீணையை லாஸ் ஏஞ்சல்ஸின் வேர்ல்ட் பசிபிக் நிறுவனம் எல்பியாக வெளியிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் கையில் தூரிகை, தம்பி கையில் வீணை! கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று உறவு என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் உறைகளுக்குப் பூஞ்சைதான் எமன். அண்ணன் உலர்பெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார், தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைக்கிறார், தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்கிறார். 1949 முதல் இங்கே இயங்கும் இந்திய நுண்கலைக் கழகத்திலும் மற்ற இடங்களிலும் பாட்டு கற்கும் பிள்ளைகள் இந்த மாடிக்கு ஒருநாள் வர வேண்டும் என்பது என் ஆசை. கைபேசியில் ‘நகுமோமு’ கேட்டிருப்பார்கள். உறையைப் பிரித்து, ஊசியை இறக்கி, மூன்று பேரின் ஆபேரியையும் ஒரே மாலையில் கேட்டால் அவர்கள் பாடும் ‘நகுமோமு’வே மாறிவிடும் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது தோடி. ராஜரத்தினம் பிள்ளையின் தட்டை அண்ணன் இப்போதே துடைத்து வைத்துவிட்டார், பக்கத்தில் வைக்க ஷேக் சின்ன மௌலானாவின் எல்பி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.