பேக்-மேன் ஃபீவர் (ஆர்கேட் விளையாட்டு வேடிக்கைப் பாடல்கள்)

பேக்-மேன் ஃபீவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெர்ரி பக்னர், கேரி கார்சியா இருவரும் எழுதிப் பாடிய பாடல். 1981 டிசம்பரில் வெளியானது. 1982 மார்ச்சில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை சென்றது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதற்கான தங்கத்தட்டுச் சான்றும் பெற்றது. அதே பெயரில் எட்டுப் பாடல்கள் கொண்ட இசைத்தொகுப்பை 1982இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. எட்டும் எட்டு ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றியவை.

ஆங்கில இசை வணிகத்தில் இவ்வகைப் பாடல்களை நாவல்டி பாடல் என்பார்கள். தமிழில் வேடிக்கைப் பாடல் என்று சொல்லலாம். ஊரே பேசிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்து, அந்தப் பேச்சு ஓய்வதற்குள் விற்றுவிடும் நோக்கத்தோடு செய்யப்படும் பாடல் இது. மோசமான பாடல்கள் என்று யாராவது பட்டியலிட்டால் இவற்றில் சில தவறாமல் இடம்பெறும். பேக்-மேன் ஃபீவரும் அப்படித்தான் பேசப்பட்டு வருகிறது. அந்த மதிப்பீடு தொகுப்பின் பெரும்பகுதிக்குப் பொருந்தும், தலைப்புப் பாடலுக்குப் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பின்னணி

பேக்-மேன் விளையாட்டை ஜப்பானின் நாம்கோ நிறுவனத்துக்காக தோரு இவதானி வடிவமைத்தார். 1980இல் ஜப்பானில் வெளியாகி, அதே ஆண்டின் இறுதியில் மிட்வே நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. புதிர்வழிக்குள் ஓடும் மஞ்சள் நிற வட்டம் புள்ளிகளைத் தின்ன வேண்டும், நான்கு பேய்களிடம் சிக்கக் கூடாது. ஓர் ஆட்டத்துக்குக் கால் டாலர் நாணயம் ஒன்று.

பாடலைப் புரிந்துகொள்ள இந்த இயந்திரத்தின் ஒலியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பேக்-மேனில் இசை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆட்டம் தொடங்கும்போது சில விநாடிகள் ஒலிக்கும் ஒரு மெட்டு, இடைவேளைக் காட்சிகளில் இன்னொன்று, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் புள்ளிகளைத் தின்னும் சத்தமும் பின்னணியில் ஊளையிடும் சைரனும்தான். அக்கால விளையாட்டுகளின் பொதுநிலை இது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் (1978) இறங்குமுகமான நான்கு சுரங்கள் திரும்பத் திரும்ப வந்து, எதிரிகள் குறையக் குறைய வேகமெடுக்கும். அஸ்டிராய்ட்ஸில் (1979) இதயத்துடிப்பு போல இரண்டே சுரங்கள். முணுமுணுத்தபடி வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஒரு முழு மெட்டு இல்லாத விளையாட்டுகள் இவை. ஆகவே வெளியிலிருந்து யாராவது வந்து பாட்டெழுத இடம் இருந்தது.

பக்னரும் கார்சியாவும் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தவர்கள். அட்லாண்டாவில் தங்கி விளம்பரப் பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1980இல் அமெரிக்கக் கால்பந்தையும் கிறிஸ்துமஸையும் இணைத்து ஒரு வேடிக்கைப் பாடலைச் செய்து, பட்டியலின் கீழ்ப்பகுதியில் தலைகாட்டியிருந்தார்கள். எது விற்கும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பாடல்

இயந்திரத்தின் தொடக்க மெட்டும் தின்னும் சத்தமும் பாடலில் அப்படியே இடம்பெறுகின்றன. உண்மையான இயந்திரத்திலிருந்து பதிவு செய்யப்பட்டவை அவை. இசை அந்த ஆண்டுகளின் வானொலி ராக். மின்கிதாரில் ஒரு சிறு சொற்றொடர், எளிய தாளம், எல்லோரும் சேர்ந்து பாடத்தக்க பல்லவி. இதில் புதுமை எதுவும் இல்லை. தலைப்பிலுள்ள காய்ச்சல்கூட 1977ஆம் ஆண்டின் டிஸ்கோ திரைப்படம் ஒன்று வழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

கவனிக்க வேண்டியது பாடலைச் சொல்பவன் யார் என்பது. பேக்-மேனோ பேயோ அல்ல, இயந்திரத்தின் முன் நிற்கும் ஆள். சட்டைப்பையில் சில்லறையோடு புறப்படுகிறான். கையில் பணம் அதிகமில்லை, சம்பாதித்ததை எல்லாம் கொண்டுவந்திருக்கிறான். விரலில் காய்ப்பு காய்த்திருக்கிறது, தோள் வலிக்கிறது. காய்ப்பு பொதுவாக உழைப்பவர் கைக்குரிய அடையாளம். விளையாட்டைப் பற்றிய பாடல் அதைத் தன் நாயகனின் விரலில் கொண்டுவந்து வைக்கிறது. நகைச்சுவைதான், ஆனால் ஜாய்ஸ்டிக்கைப் பல மணி நேரம் பிடித்தவர்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது விஷயம் நுட்பமானது. ஒன்பதாவது சாவி வரைக்கும் எல்லா வழிமுறைகளும் தனக்கு மனப்பாடம் என்கிறான். விளையாடாதவருக்கு இது பொருளற்ற சொல். பேக்-மேனில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பரிசுப்பொருள் உண்டு. முதலில் செர்ரி, அடுத்து ஸ்ட்ராபெரி என்று போய், பதின்மூன்றாம் சுற்றிலிருந்து சாவி மட்டுமே வரும். ஒன்பதாவது சாவி என்றால் இருபத்தொன்றாம் சுற்று. அந்தச் சுற்றோடு விளையாட்டின் மாற்றங்கள் முடிகின்றன. அதன்பின் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும், 256ஆம் சுற்றில் நிரல் பிழையால் பாதித் திரை குலைந்துபோகும் வரை. பேய்களும் மனம்போன போக்கில் திரிவதில்லை. ஆடுபவர் ஒரே வழியில் போனால் அவையும் ஒரே வழியில் வரும். அதனால்தான் வழிமுறைகளை மனப்பாடம் செய்ய முடிந்தது. பிளாக்ஜாக் சூதாட்டத்தில் சீட்டெண்ணிப் பெயர்பெற்ற கென் அஸ்டன் இவற்றை ஒரு புத்தகமாகவே எழுதி விற்றார். துரத்தும் பேயையும் பொதுவாகப் பேய் என்று சொல்லாமல், இயந்திரத்தின் அறிமுகத் திரையில் வரும் ஸ்பீடி என்ற பெயரால் குறிப்பிடுகிறான்.

பத்திரிகையைப் புரட்டி எழுதப்பட்ட பாடலில் இந்தச் சாவி வந்திருக்காது. வானொலியில் கேட்ட லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு அது புரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. புரிந்த சிலருக்கு, தங்கள் கூட்டத்தாரின் பேச்சை வானொலியில் கேட்ட மகிழ்ச்சி. விற்பனைக்கு எந்த வகையிலும் உதவாத ஒரு சரியான தகவலை வணிகப் பாடலுக்குள் விட்டுவைத்திருப்பதே இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கத் தயங்க வைக்கிறது.

தொகுப்பின் மற்ற பாடல்கள்

பாடல் வெற்றி பெற்றதும் தொகுப்பு தேவைப்பட்டது. ஃப்ராகர், சென்டிபீட், டாங்கி காங், அஸ்டிராய்ட்ஸ், டிஃபெண்டர், மவுஸ் டிராப், பெர்சர்க் ஆகிய ஏழு விளையாட்டுகளுக்கு ஏழு பாடல்கள் செய்தார்கள். இங்கே அந்த ஆள் பெரும்பாலும் காணாமல் போகிறான். சாலையைக் கடக்க முடியாத தவளையின் புலம்பலாக ஒன்று, விண்கப்பல் வீரனின் துதியாக ஒன்று என்று விளையாட்டின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. திரையில் கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்வதில் கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? இரண்டாவது சிங்கிளாக வந்த டாங்கி காங் பாடல் ஒரு நடனப் பாட்டு. விளையாட்டின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பெயரை வைத்தாலும் நிற்கும். அது முதல் நூறு இடங்களுக்குள் வரவில்லை.

ஹைப்பர்ஸ்பேஸ் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அஸ்டிராய்ட்ஸில் தப்ப வழியில்லாதபோது அழுத்தும் பொத்தான் அது. கப்பல் மறைந்து வேறெங்கோ தோன்றும், தோன்றிய இடத்திலேயே வெடித்தும் போகலாம். அந்தப் பொத்தானைப் பாடலாக்க நினைத்தது நல்ல எண்ணம்.

பிற முயற்சிகள்

இதே காலத்தில் வேறு வழிகளில் போனவர்களும் உண்டு. ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா தன் முதல் தொகுப்பிலேயே (1978) விளையாட்டு ஒலிகளை சிந்தசைசரில் மீட்டுருவாக்கியது. அந்த கம்ப்யூட்டர் கேம் 1980இல் பிரிட்டிஷ் பட்டியலில் பதினேழாம் இடத்தைப் பிடித்தது. அக்குழுவின் ஹருவோமி ஹோசோனோ 1984இல் நாம்கோ விளையாட்டுகளின் ஒலிகளையே கொண்டு வீடியோ கேம் மியூசிக் என்ற தொகுப்பை உருவாக்கினார். இசையறிஞர்கள் மதிப்பது இவற்றைத்தான். மதிக்கத் தக்கவையும்கூட. ஆனால் இவற்றில் இயந்திரம் மட்டுமே இருக்கிறது, அதன் முன் நின்றவர் இல்லை. ஆர்கேட் என்ற இடத்தின் சில்லறைக் கணக்கும் தோள்வலியும் பக்னர்-கார்சியாவின் மலிவான பாடலில்தான் பதிவாகியிருக்கின்றன.

"வியர்ட் ஆல்" யான்கோவிக் 1981இல் பீட்டில்ஸின் டாக்ஸ்மேன் மெட்டில் ஒரு பேக்-மேன் பாட்டைப் பதிவு செய்தார். அது முறையான வெளியீட்டில் இடம்பெற்றது 2017இல்தான். ஆஸ்திரேலியாவின் பிளேயர் ஒன் குழு செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பாடலுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அதன் பேஸ் கிதார் வரி ஆன் அண்ட் ஆன் என்ற கலவைத் தட்டில் எடுத்தாளப்பட்டது. அதைத் தன் நிகழ்ச்சிகளில் பயன்படுத்திவந்த சிகாகோவின் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 1984இல் அதே பெயரில் வெளியிட்ட தட்டை முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் கருதுகிறார்கள். குப்பை என்று தள்ளப்படும் வகையிலிருந்து ஒரு நடன இசை மரபுக்குக் கிளை போயிருக்கிறது.

வகையின் மறைவு

எண்பதுகளின் நடுவில் விளையாட்டுகளுக்கே முழுமையான இசை வந்துவிட்டது. கோஜி கோண்டோ சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு (1985) அமைத்த மெட்டைக் குழந்தைகள் தாமே பாடினார்கள். பாட்டெழுத இருந்த அந்த வெற்றிடம் போயிற்று. 1992இல் பிரிட்டனில் இரண்டு விளையாட்டுப் பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரும் நைஜல் ரைட்டும் டாக்டர் ஸ்பின் என்ற பெயரில் செய்த டெட்ரிஸ், மற்றது அம்பாசடர்ஸ் ஆஃப் ஃபங்க்கின் சூப்பர்மாரியோலேண்ட். இரண்டும் விளையாட்டில் ஏற்கெனவே இருந்த மெட்டுக்கு நடனத் தாளம் சேர்த்தவை. கேட்பவரும் ஆர்கேடில் நிற்கவில்லை, கையடக்கக் கருவியோடு வீட்டில் இருந்தார். நாணயத்தையும் காய்ப்பையும் பற்றிச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. அதே ஆண்டில் ஏஃபெக்ஸ் ட்வின் பவர்-பில் என்ற பெயரில் வெளியிட்ட பேக்-மேன் தட்டு நடன அரங்கத்துக்கானது, சொல்லே தேவைப்படாதது.

பிற்காலம்

மூல ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், 1999இல் பக்னரும் கார்சியாவும் தொகுப்பு முழுவதையும் மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். இணையத்தில் தேடுபவர்களுக்கு இரண்டு பதிவுகளும் கிடைக்கக்கூடும், ஆண்டைப் பார்த்துக் கேட்பது நல்லது.

கார்சியா 2011 நவம்பரில் காலமானார். மறு ஆண்டு வெளியான டிஸ்னியின் ரெக்-இட் ரால்ஃப் படத்தில் பக்னர் பாடிய பாடல் ஒன்று இருவர் பெயரிலும் இடம்பெற்றது. அந்தப் படத்தின் கதையில் வரும் ஆர்கேட் விளையாட்டு 1982இல் வெளியானதாகச் சொல்லப்படுகிறது. அப்படி ஒரு விளையாட்டு அந்த ஆண்டில் இருந்ததில்லை.