ஐவர் திறக்கும் வழி

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒவ்வொன்றையும் நான் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை எல்லோரையும்போல என் கண்ணும் பந்தின் பின்னால்தான் ஓடும். மறுநாள் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது பந்தை மறந்துவிடுவேன். நடுவில் குனிந்து நிற்கும் ஐந்து பேர் போதும். பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இரு புறமும் கார்டுகள், அவர்களுக்கும் வெளியே டாக்கிள்கள். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு வழக்கமாக உரிமை இல்லை. நடுவர் ஒலிபெருக்கியில் இவர்களுடைய எண்ணைச் சொல்வது, பெரும்பாலும் எதிராளியைப் பிடித்து இழுத்த குற்றத்துக்காகத்தான்.

இவர்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளும் கட்டம். எதிரே 140 கிலோ எடையில் ஒரு தடுப்பாட்டக்காரர். கார்டும் டாக்கிளும் இடுப்போடு இடுப்பு ஒட்ட அவர்மேல் சாய்கிறார்கள். நான்கு கைகள் அவர்மேல். நான்கு கண்களோ அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்மேல். லைன்பேக்கர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ, அந்தப் பக்கத்தவர் பிடியை விட்டு அவரை நோக்கிப் போகவேண்டும். கொஞ்சம் முந்தினால் தனியாக விடப்பட்ட கூட்டாளி நசுங்குவார். கொஞ்சம் பிந்தினால் பந்தோடு வரும் ஓட்டக்காரரை லைன்பேக்கர் கவ்விவிடுவார். பேசிக்கொள்ள நேரமில்லை, தோள் உரசலிலேயே பக்கத்திலிருப்பவர் கிளம்புவது தெரிந்துவிடும். தேர்ந்தவர்கள் சும்மா கிளம்புவதில்லை. போகும்போது கடைசியாக ஒரு இடி கொடுத்து, எதிராளியைக் கூட்டாளியின் கைக்குள் சேர்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கைமாற்றத்தைப் பார்ப்பதற்காகவே பல ஆட்டங்களைப் பலமுறை ஓடவிட்டிருக்கிறேன்.

க்ரீன் பே பேக்கர்ஸின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி 1960களில் தன் அணியின் தாக்குதலையே இவர்களின் தோள்மேல் கட்டினார். அவரும் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் கார்டாக ஆடியவர்தான். அவருடைய ‘ஸ்வீப்’ ஆட்டத்தில் கார்டுகள் ஜெர்ரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும் தங்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, மூலை திரும்பி, ஓட்டக்காரருக்கு முன்னால் வழி திறப்பார்கள். அவர்கள் விட்டுப்போன ஓட்டையைச் சென்டர் அடைக்கவேண்டும். ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் எதிராளியை உள்ளே தள்ளினால் ஓட்டக்காரர் வெளியே போவார். வெளியே தள்ளினால் உள்ளே நுழைவார். இந்த ஒரே ஒரு ஆட்டமுறையைப் பற்றி லொம்பார்டி எட்டு மணி நேரம் பேசக் கேட்டதாகப் பயிற்சியாளர் ஜான் மேடன் சொன்னதுண்டு. அது அதிகமான நேரம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

1967 டிசம்பர் 31. க்ரீன் பேயில் குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். டல்லஸ் அணிக்கு எதிரான இறுதிப்போட்டியில் மிச்சம் 16 விநாடி, கோட்டைத் தொட இன்னும் ஏறக்குறைய ஒரு யார்டு. உறைந்த தரையில் காலுக்குப் பிடிமானமே இல்லை. கிரேமர் தாழ்ந்து டல்லஸின் ஜெத்ரோ ப்யூவின்மேல் பாய, சென்டர் கென் போமன் கூடவே முட்ட, அவர்கள் பின்னால், வழக்கமாகப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் விழுந்தபடியே கோட்டைக் கடந்தார். 21-17. தொலைக்காட்சி அந்த முட்டலைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அப்படியும் கிரேமர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர 2018 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

எறியும் ஆட்டத்தின் எழுச்சியைப் பேசுகிறவர்கள் பில் வால்ஷ் போன்ற பயிற்சியாளர்களைத்தான் முதலில் சொல்வார்கள். நான் உள்ளங்கையைச் சொல்வேன். 1978இல் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் விதி மாறும்வரை, எறிபவரைக் காக்கும்போது முன்வரிசையினர் கையை முழுதாக நீட்டித் தள்ள முடியாது. முஷ்டியை நெஞ்சோரம் வைத்துக்கொண்டு தோளாலும் முன்கையாலும் மோதவேண்டும். புதிய விதி கையை நீட்டி, விரலை விரித்து எதிராளியின் மார்பைத் தள்ள அனுமதித்தது. பின்னால் போய்க்கொண்டே காப்பாற்றும் கலை அதற்குப் பிறகுதான் முழுதாக மலர்ந்தது. அதில் சின்சினாட்டியின் ஆந்தனி முன்யோஸுக்கு நிகர் யாரையும் நான் பார்க்கவில்லை. 1980 முதல் 1992 வரை ஆடிய இடது டாக்கிள். தொடர்ந்து 11 முறை நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்குத் தேர்வானவர். நாற்காலியில் உட்காரப்போகிறவர்போல இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்கால் பின்னால் சறுக்க, உள்கால் அதைத் தொடர்ந்து வரும். தலையை முன்னால் நீட்டமாட்டார். எதிராளி எட்டும் தூரத்துக்கு வரும்வரை கை காத்திருக்கும்.

1990களின் நடுவில் டென்வரில் முன்வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் ஓட்ட ஆட்டத்தைத் தீட்டித் தீட்டி மெருகேற்றினார். ஆளைக் குறிவைக்காமல் இடத்தைக் குறிவைக்கும் முறை அது. ஐவரும் ஒரே திசையில் ஒரே அடி எடுத்துவைக்கிறார்கள். அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அவர் அவர்களுடையவர். எதிராளியை நிறுத்தவேண்டியதில்லை. அவர் போக நினைக்கும் பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால், அவர் விட்டுப்போன இடமே வழியாகிவிடும். தேர்ச்சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை செருகுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். தேரின் கனத்தை வைத்தே அவர் தேரைத் திருப்புகிறார்.

இதற்குக் கனத்த உடம்பைவிட விரைந்த கால் வேண்டும். டென்வரின் முன்வரிசையில் பலர் 300 பவுண்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்டின் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998இல் 2008 யார்டு ஓடினார். மறு ஆண்டு அவர் காயமடைய ஒலாண்டிஸ் கேரி, அதற்கடுத்த ஆண்டு மைக் ஆண்டர்சன். இருவரும் 1000 யார்டைத் தாண்டினார்கள். ஓட்டக்காரர்கள் மாறினார்கள், திறந்த வழி மாறவில்லை. அந்த வரிசையில் ஒன்றை மட்டும் என்னால் ரசிக்க முடிந்ததில்லை. ஓட்டத்துக்கு மறுபக்கத்திலிருந்து வருபவரின் முழங்காலை நோக்கிப் பாய்ந்து வீழ்த்துவார்கள். அன்றைய விதிக்கு அது உட்பட்டதுதான். ஆனால் அடுத்தவர் முழங்காலைப் பணயம் வைக்கும் வேலையை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே பத்தாண்டில் மேற்கு விர்ஜீனியாவின் க்ளென்வில் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் வேறொரு கதவைத் திறந்தார். அவருடைய ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கும் எதிராளியை யாரும் தொடுவதே இல்லை. அவர் ஓட்டக்காரரைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். அவர் நின்றுவிட்டால் பந்து ஓட்டக்காரருக்கு. இப்படி எதிராளியைத் தொடாமலே கடந்துபோவது பழைய ‘வீர்’ ஆட்டத்திலும் உண்டு. ஆனால் ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவி நிற்கும்போது அதன் பலன் பல மடங்கு. அவரைத் தள்ளவேண்டியிராததால் மிச்சமான முன்வரிசைக்காரர் லைன்பேக்கரைத் தேடிப் போகலாம். பாஸா ஓட்டமா என்பதைப் பந்து கைக்கு வந்த பிறகு முடிவு செய்யும் இன்றைய ஆட்டமும் இதன் வாரிசுதான். முடிவு என்னவென்று தெரியாமலே ஐவரும் ஓட்டத்துக்கான வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

இப்போது நான் விடாமல் பார்ப்பது பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜோர்டன் மெய்லாடாவை. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். 2018இல் ஏழாம் சுற்றில் ஈகிள்ஸ் அவரை எடுத்தபோது, அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் எப்படிக் குனிந்து நிற்பது என்பதிலிருந்து கற்றுக்கொடுக்கவேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வென்ற சூப்பர் பௌலில் அவர்தான் இடது டாக்கிள். ஆறடி எட்டு அங்குல உயரம். அந்த உடம்பு இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலைப் பின்னால் சறுக்கி, கையை அடக்கிக் காத்திருக்கிறது. அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், திரும்பிப் பார்ப்பதில்லை.